மான் ஏப்பத்தில் கழிவு வெட்டிய விபரம்

டன்கெரி தோட்டம், மேற்பிரிவு,
ஐந்தாம் நம்பர் லயம்,
டிக்கோயா.
கார்த்திகை பிறந்து நாலாம் நாள், மழை.

பெருமதிப்புக்குரிய மஸ்கெலியா மச்சான் பழனியாண்டி அவர்களுக்கு,

உங்கள் தங்கை அழகம்மாவின் வீட்டுக்காரனும், முப்பத்தொரு வருசம் இந்தத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவனும், தற்சமயம் மான்கள் விடும் ஏப்பத்தைக் கொப்பியில் பதிகிறவனுமாகிய முத்துலிங்கம் கைகூப்பி எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்க மாரியம்மா துணை. இங்கே ஒருவருக்கும் சுகமில்லை. ஆனாலும் கடிதம் என்றால் முதலில் சுகம் என்று எழுதுவதுதான் முறை, ஆகையால் சுகம் என்று வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். லயத்துச் சுவர் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும், முதல் காம்பராவில் தும்மினால் கடைசிக் காம்பராவில் ‘நூறு வயசு’ என்கிறார்கள். அதோடு போன் அழகம்மாவின் இடுப்பில் இருக்கிறது, அழகம்மா என்னோடு பேசிப் பதினொரு நாளாகிறது. உங்களோடு பேசியிருப்பாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. நான் சொல்லப்போவதும் அதே உண்மைதான், என்னைப் பற்றிக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லுவேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

விசயத்துக்கு வருகிறேன். நீங்கள் எனக்குச் சிங்களத்தில் ஒரு பெட்டிசம் எழுதித் தர வேண்டும். மஸ்கெலியா பஜாரில் இருபது வருசமாக மேசை போட்டு எத்தனை துரைமார் மேலே, எத்தனை கடைக்காரர் மேலே எழுதியிருப்பீர்கள், இது உங்களுக்கு ஒரு வேலையா? யார் மேலே என்று கேட்டால், என் மேலே. பெயர், விலாசம், குற்றம் மூன்றையும் நானே தருகிறேன், நீங்கள் வழக்கம்போல் ‘மேற்படியான் செய்த அநியாயம்’ என்று ஆரம்பித்தால் போதும். இந்த மாதம் முப்பதாம் திகதிக்குள் அது போய்ச் சேராவிட்டால், பத்தாம் நம்பர் மலையில் நம் மகள் நிஷாந்திக்கு வீடு கட்ட எழுதிவைத்திருக்கும் ஏழு பேர்ச் காணி மானுக்குப் போய்விடும். நம்முடையது மட்டுமில்லை, இருபத்திநாலு குடும்பத்துடையதும் போய்விடும்.

அந்தக் காணி எதற்காகக் கிடைத்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். போன வருசத்து மழையில் நம் லயத்துக்குப் பின்னால் மலை பிளந்து, ஆள் கையை உள்ளே விடுகிற அளவுக்கு வெடிப்பு விட்டது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு லயத்துச் சுவரில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். கோடு போட்டதோடு மண்சரிவு பயந்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. அதற்கப்புறம் மழை பெய்கிற ராத்திரியெல்லாம் நிஷாந்தியும் மாப்பிள்ளையும் பிள்ளையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு காம்பராவில் ஐந்து பேர், படுக்க இடமிருந்தாலும் படுக்கப் பயம். பத்தாம் நம்பர் மலைக்கு அடியில் கல், அது சரியாது என்று எழுதிக்கொடுத்து, இருபத்திநாலு வீட்டுக்கு லிஸ்ட் போட்டார்கள். நம்முடையது பன்னிரண்டாம் நம்பர். நான் நாலு மூலைக்கும் கல் நட்டேன். அழகம்மா நடுவில் பூசணிக்கொடி போட்டாள், அது காயும் விட்டது.

இப்போது மானுக்கு வருகிறேன். பதினோராம் நம்பர் மலையில் தேயிலை போய்ப் பத்து வருசமாக மானாப்புல்தானே கிடக்கிறது, அதை ஒரு கம்பெனி குத்தகைக்கு எடுத்து மான் பண்ணை போட்டது. நம் காட்டு மான் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஏரோப்பிளேனில் வந்த மான், இருநூறு. இறைச்சி பெரிய ஹோட்டல்களுக்குப் போகிறது, மிச்சம் மறுபடி ஏரோப்பிளேன் ஏறி வெளிநாட்டுக்கே போகிறது. இரண்டு தடவையும் அதற்கு விசா கேட்கவில்லை, நம் மாப்பிள்ளை டுபாய்க்குப் போக மூன்று வருசம் அலைந்தான். அழகம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, “இதென்னங்க, மாட்டுக்கு மருதாணி பூசின மாதிரி இருக்கு?” என்றாள். குளிர் தாங்காது என்று ஷெட்டுக்குள் ஹீட்டர் வைத்தார்கள். ஹீட்டருக்கும் இறைச்சி வைக்கிற ஐஸ் பெட்டிக்கும் கரண்ட் போதாது என்று டீசல் ஜெனரேட்டர் வைத்தார்கள். நம் புல் அதற்குப் பிடிக்காது என்று லொறி லொறியாகச் சோளம் கீழ்நாட்டிலிருந்து மலையேறி வருகிறது. கூரைக்கு அடியில் பஞ்சு வைத்து மூடியிருக்கிறார்கள், ஒரு சொட்டு ஒழுகாது. நாங்கள் எல்லோரும் ஒரு மழைக்கு அங்கே போய் ஒதுங்கினோம், காவல்காரன் மானுக்கு மனசு கலங்கும் என்று விரட்டிவிட்டான்.

பண்ணைக்கு மனேஜர் நிரோஷன். கொட்டகலைப் பிள்ளைதான், ஸ்டேசன் பக்கத்தில் வீடு, நல்ல மரியாதை தெரிந்தவன். ஒருநாள் நம் காம்பராவுக்கே வந்து, “ஐயா, விடியக்காலையில எந்திரிக்கிற ஆளு வேணும், கொப்பி சுத்தமா எழுதுற ஆளு வேணும், உங்களை விட்டா தோட்டத்துல யாரு இருக்காங்க?” என்றான். எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. என்ன வேலை என்று கேட்காமலேயே சரி என்றேன். கேட்டிருக்க வேண்டும்.

வேலை பழக்கக் கொழும்பு ஆபீசிலிருந்து ரோகினி மிஸ் என்று ஒரு பிள்ளை வந்தது. ஊர் யாழ்ப்பாணம், சுற்றாடல் படித்த பிள்ளை, சான்றிதழ் கொடுக்கிற ஆபீசில் வேலை. “ஐயா, அசை போடுற மிருகங்கள் ஏப்பம் விடேக்கை மீதேன் எண்டு ஒரு வாயு வரும். அது மேலை போய் வானத்தைப் போர்வை மாதிரி மூடிப் போடும். பிறகு சூடு வெளியில போகாது,” என்றது. நான், “சூடு நல்லதுதானே மிஸ், இங்க குளிரு எலும்பு வரைக்கும் போகுதே,” என்றேன். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. “சூடு கூடக் கூட மழையும் பிழையாய்ப் போகும் ஐயா. வந்தால் ஒரேயடியாய்க் கொட்டும். உங்கட லயத்துக்குப் பின்னால வெடிச்சிருக்கிறது சும்மாவே?” என்றது. அன்றைக்குத்தான் எனக்கு மானுக்கும் மண்சரிவுக்கும் சம்பந்தம் இருப்பது தெரிந்தது. “அப்ப அந்த ஜெனரேட்டர் புகை, சோள லொறிப் புகை, ஏரோப்பிளேன் புகை மிஸ்?” என்று கேட்டேன். அதெல்லாம் அடுத்த கட்டமாம். முதல் கட்டம் ஏப்பம்.

வெளிநாட்டு ஹோட்டல்காரர்கள் இந்த மான் ஆகாயத்தைக் கெடுக்கவில்லை என்று சான்றிதழ் கேட்கிறார்களாம், அதற்கு ஒவ்வொரு மானும் எவ்வளவு வாயு விடுகிறது என்று அளக்க வேண்டுமாம். கைக்கடக்கமாக ஒரு மெசின் தந்தார்கள். மானின் வாய்க்கு இரண்டு அடி தள்ளிப் பிடித்துக்கொண்டு, அது ஏப்பம் விடும்வரை நின்று, மெசின் காட்டுகிற எண்ணைக் கொப்பியில் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது மான். மச்சான், நான் துரைமாருக்கு முன்னால் நின்றிருக்கிறேன், சங்கத் தலைவர்களுக்கு முன்னால் நின்றிருக்கிறேன், ஒரு மானுக்கு முன்னால் அதன் ஏப்பத்துக்காகக் கால் மணித்தியாலம் கைகட்டி நிற்பது மாதிரி ஒரு கேவலம் கிடையாது. நாம் பார்க்கும்போது அது ஏப்பம் விடாது. முகத்தைத் திருப்பினால் விடும். முதல் கிழமையில் ஒரு மான் என் மப்ளரைத் தின்றது, இன்னொன்று கொப்பியின் அட்டையைத் தின்றது, கொம்பு வைத்த கிடா ஒன்று என்னை வேலிவரைக்கும் துரத்தி, நான் ஏறிய கம்பத்துக்குக் கீழே நின்றுகொண்டு நிதானமாக அசைபோட்டது. மேலே இருந்தே மெசினை நீட்டி அளந்தேன், வேலை என்றால் வேலை. ஒருநாள் காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் போய் நின்றேன், எதிரில் மானே இல்லை, மெசின் தொண்ணூறு காட்டியது. ரோகினி மிஸ்ஸைத் தனியாகக் கூப்பிட்டு, அது என் ஏப்பம்தான் என்று ஒப்புக்கொண்டேன். “அது நீங்கள் இல்லை ஐயா, உங்களுக்குப் பின்னால சாணிக் குழி கிடக்கு,” என்றது அந்தப் பிள்ளை.

இப்படியே மூன்று மாதம். ஒரு நாள் தவறவில்லை, மழையிலும் போனேன், காய்ச்சலிலும் போனேன். கொப்பியில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. கொப்பி கொழும்புக்குப் போனது, அங்கிருந்து எங்கேயோ போனது, சான்றிதழ் வந்துவிட்டது. சும்மா சான்றிதழ் இல்லை, தங்க நிறம். இந்தப் பண்ணை மான் மாதிரி ஏப்பம் குறைந்த மான் உலகத்திலேயே இல்லையாம். அதிலும் இருபத்தேழாம் நம்பர் மான் வாயுவை வெளியே விடுவதற்குப் பதிலாக உள்ளே இழுக்கிறதாம், அப்படி ஒரு மானை இதுவரை யாரும் கண்டதில்லையாம்.

விழா வைத்தார்கள், மச்சான். பந்தல், பேண்ட் வாத்தியம், கொழும்பிலிருந்து பெரியவர்கள். இருபத்தேழாம் நம்பரைக் குளிப்பாட்டி மாலை போட்டு மேடைக்குப் பக்கத்தில் கட்டினார்கள். நிரோஷன் மைக்கைப் பிடித்து, “இந்த மான் ஆகாயத்தையே சுத்தம் பண்ணுது!” என்றான், அது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரின் முகத்துக்கு நேரே ஒரு ஏப்பம் விட்டது, அவரும் கைதட்டினார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, “இந்தப் பெருமைக்கெல்லாம் காரணம் நம்ம முத்துலிங்கம் ஐயாவோட கொப்பிதான்,” என்று பொன்னாடை போர்த்தி ஒரு பிளாஸ்க்கும் தந்தான். முப்பத்தொரு வருசத்தில் தோட்டம் எனக்குப் போர்த்தாத பொன்னாடை. கண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கண்ணீரோடு நான் நிற்கும்போதே பெரியவர் எழுந்து, இவ்வளவு சுத்தமான பண்ணை இன்னும் வளர வேண்டும், பக்கத்திலுள்ள பன்னிரண்டு ஏக்கரையும் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டிருக்கிறோம், தங்கச் சான்றிதழ் இருப்பதால் முப்பதாம் திகதி கிடைத்துவிடும் என்று சிங்களத்தில் சொன்னார். சனம் கைதட்டியது. பக்கத்திலுள்ள பன்னிரண்டு ஏக்கர் எது என்று யோசித்துப் பார்த்த பிறகு கைதட்டல் நின்றது.

பத்தாம் நம்பர் மலை. நான் பொன்னாடையோடு மேடையில் நிற்கிறேன், கீழே அழகம்மா என்னைப் பார்க்கிறாள். நேரே மலைக்குப் போய், பூசணிக்காயை அறுத்து மடியில் கட்டிக்கொண்டு, நான் நட்ட நாலு மூலைக்கல்லையும் பிடுங்கித் தூக்கிக்கொண்டு வந்து காம்பரா வாசலில் வைத்தாள். இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. தினமும் தடுக்கி விழுகிறேன்.

இது வரைக்கும் நடந்தது விதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ரோகினி மிஸ் வந்தது. மெசினின் வயிற்றுக்குள்ளும் ஒரு கணக்கு பதிவாகிறதாம், அதை வெளியே எடுக்கிற வயர் வர மூன்று மாதம் தாமதமாம், இப்போதுதான் வந்து, எடுத்துப் பார்த்திருக்கிறது. அழகம்மா பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். அந்தப் பிள்ளை கொப்பியை மடியில் விரித்துக்கொண்டு கேட்டது.

“ஐயா, மெசின் பதினெட்டு எண்டு காட்டுது. நீங்கள் பதினைஞ்சு எண்டு எழுதியிருக்கிறியள். இஞ்சை இருபத்திரண்டு, நீங்கள் பத்தொன்பது. ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, எல்லா நாளும் மூண்டு குறையுது. மழை நாளிலை அஞ்சு குறையுது. ஏன்?”

நான் பெருமையோடு சொன்னேன், மச்சான். பெருமையோடு சொன்னேன், அதுதான் என் தலையெழுத்து. “சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு ஒண்ணு மிஸ். மழைன்னா ஈரத்துக்கு மூணு. நான் சரியாத்தான் கழிச்சிருக்கேன், ஒரு நாளும் மறக்கல.”

ரோகினி மிஸ் கோப்பையைக் கீழே வைத்தது. “ஐயா, கொழுந்துக்கு சாக்கு இருக்கு. வாயுவுக்கு என்ன சாக்கு?”

மச்சான், அந்த நிமிசம் வரைக்கும், உங்கள் தங்கை மேல் சத்தியமாக, நான் கழிக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. பதினெட்டு என்று கண் பார்க்கும், பதினைந்து என்று கை எழுதும். முப்பத்தொரு வருசம் கொழுந்து மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்று, சாக்கின் எடைக்கு இரண்டு கிலோ, இலையின் ஈரத்துக்கு ஒரு கிலோ என்று வெட்டியே பழகின கை. முதல் நாளே எனக்கு வேலை பழக்கின மேலதிகாரி கண்டாக்கையா, “தராசு காட்டுறதை எழுதுறவன் கணக்கப்பிள்ளை இல்லடா, கழிச்சு எழுதுறவன்தான் கணக்கப்பிள்ளை,” என்று பென்சிலைக் கையில் தந்தார். அந்தப் பென்சில் உடம்போடு ஒட்டிவிட்டது. யோசித்துப் பார்த்தால் வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. போன மாதம் பேரனுக்குக் காய்ச்சல், வீட்டில் பார்த்தபோது நூற்றிரண்டு, ஆஸ்பத்திரியில் நான் தொண்ணூற்றொன்பது என்று சொல்லியிருக்கிறேன். நல்லவேளை, நர்ஸ் என்னை நம்பாமல் தானே இன்னொரு தடவை பார்த்தாள். இருபத்தேழாம் நம்பர் மானின் மர்மமும் இதுதான். அது ஒரு மழை நாளில் சின்னதாக ஒரு ஏப்பம் விட்டிருக்கிறது, மெசின் நாலு காட்டியிருக்கிறது, நான் வழக்கப்படி அதில் ஐந்து வெட்டியிருக்கிறேன்.

“இதை நான் எங்கட ஆபீசிலை சொன்னால் ஆரும் கேக்க மாட்டினம் ஐயா, செட்டிபிக்கட் குடுத்தாச்சு எண்டுவினம்,” என்றது ரோகினி மிஸ். “கொப்பி எழுதின ஆள் தன்ரை கையாலை, பிழை விட்டது நான்தான் எண்டு எழுதித் தந்தால், திருப்பித் திறக்கலாம். சிங்களத்திலை இருந்தால் நல்லம். நீங்கள் எழுதுவியளே?” யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எழுதினால் பொன்னாடையைத் திருப்பிக் கேட்பார்கள், வேலை போகும், ஊரெல்லாம் மான் ஏப்பத்தில் கள்ளக் கணக்கு எழுதினவன் என்று சிரிக்கும். எழுதாவிட்டால் நிஷாந்தி சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே கிடப்பாள்.

ரோகினி மிஸ் போன பிறகு அழகம்மா அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே கேட்டாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

“எங்களுக்கும் இப்படித்தானே வெட்டுனீங்க?”

“எல்லாருக்கும்தான் வெட்டுனேன். உனக்குன்னு பாரபட்சம் பாக்கல,” என்றேன். அதை ஒரு நல்ல பதில் என்று நினைத்தேன், மச்சான்.

“நிஷாந்தி வயித்துல எட்டு மாசம். அன்னைக்கு ஒம்பதாம் நம்பர் மலை, செங்குத்து. கூடையில பதினாறு கிலோ. பதினாறு இருந்தா முழுப்பேரு, முழு நாள் சம்பளம். நீங்க தராசப் பாத்தீங்க, என் வயித்தப் பாத்தீங்க, பதிமூணுன்னு எழுதி அரைப்பேரு போட்டீங்க. அந்த மூணு கிலோ எங்கங்க போச்சு?”

அது தோட்டத்துச் சட்டம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த மூன்று கிலோ சாக்கிலும் போகவில்லை, ஈரத்திலும் போகவில்லை, பக்டரிக்குப் போய்த் தூளாகிக் கப்பலேறிப் போனது, அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், தெரியாத மாதிரி நான்தான் முப்பத்தொரு வருசம் இருந்தேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் நின்ற நிற்பு இப்போதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது. அப்போது நான் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவளும் மற்றப் பொம்பளைகளும் தலையில் சுமந்ததிலிருந்து வெட்டி வெட்டி, கடைசியில் அந்த வெட்டுப் பழக்கமே என் பிள்ளையின் வீட்டை வெட்டிவிட்டது. வெட்கமாக இருக்கிறது, மச்சான். உங்களுக்கு எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

ஆகையால்தான் பெட்டிசம். சான்றிதழ் ஆபீசுக்கு இப்படி எழுதுங்கள். மேற்படி முத்துலிங்கம் என்பவன் மான்களின் வாயுவில் நாள்தோறும் மூன்றும் மழை நாளில் ஐந்தும் சட்டவிரோதமாகக் கழித்தான், வாயுவுக்குச் சாக்கு கிடையாது என்பதை அவன் யோசிக்கவில்லை, உண்மையில் அந்த மான்கள் நிறைய ஏப்பம் விடுகின்றன, இருபத்தேழாம் நம்பரும் மற்ற மான்களைப் போலவே சாதாரண மான்தான், எனவே தங்கச் சான்றிதழை ரத்துச் செய்து பத்தாம் நம்பர் மலையை இருபத்திநாலு குடும்பத்துக்கும் விட்டுத்தர வேண்டும். இடம் இருந்தால் கொழுந்துக் கணக்கையும் ஒரு வரி சேருங்கள், அதை யார் படிப்பார்கள் என்று தெரியாது, ஆனாலும் சேருங்கள். என்னைத் திட்டுகிற இடத்தில் கை கூசாமல் திட்டுங்கள், உங்கள் தங்கைக்காக நீங்கள் இதைவிட அதிகமாகவே திட்டலாம். கீழே நான் கையெழுத்து வைக்கிறேன். சாட்சிக்கு அழகம்மா வைப்பதானால் பெருவிரல் வைக்க மாட்டாள், அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதையும் நான் சம்பளம் பதிகிற செக்ரோலில் ஒருநாளும் எழுதவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நன்றாகப் படித்து, தராசு எதுவும் இல்லாத உத்தியோகத்துக்குப் போகட்டும். நீர்த்தேக்கத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று கேள்விப்பட்டோம், கரைப்பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். எல்லோருக்கும் அம்மன் காவல்.

இப்படிக்கு,
குற்றத்தை முழுசாக, கழிவு எதுவும் இல்லாமல் ஒப்புக்கொள்ளும்
உங்கள் மச்சான்
முத்துலிங்கம்

பி.கு.: மச்சான், பெட்டிசம் எழுத வேண்டாம். ஒட்டின கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன், மேலே படித்ததையெல்லாம் மறந்துவிடுங்கள். தபால் கந்தோருக்குப் போகிற வழியில் ரோகினி மிஸ் பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்து சொன்னது. என்னை என் மேலேயே எழுதச் சொன்னது பாவம் என்று நினைத்து, அந்தப் பிள்ளையே துணிந்து ஹட்டனில் நடந்த கூட்டத்தில் வயரை மாட்டி மெசினின் உண்மைக் கணக்கை எல்லோருக்கும் காட்டிவிட்டதாம். தங்கச் சான்றிதழ் ரத்து. நான் நடுரோட்டில் கையெடுத்துக் கும்பிட்டேன். “கும்பிடாதேங்கோ ஐயா,” என்றது, முகம் சரியில்லை. கம்பெனிக்காரர்கள் கோபப்படவே இல்லையாம், சந்தோசப்பட்டார்களாம். இவ்வளவு வாயு விட்டால் அதை ஈடுகட்ட மரம் நட வேண்டுமாம், மரம் நட வெளிநாட்டிலிருந்து உதவி வருமாம், மான் எங்கேயும் போகத் தேவையில்லையாம். மரம் நடப் பக்கத்திலேயே சரியாத மண்ணாகப் பன்னிரண்டு ஏக்கர் வேண்டுமாம். பத்தாம் நம்பர் மலையில் அதற்குள் போர்டு நட்டாகிவிட்டது. அழகம்மா கல் பிடுங்கின குழியிலேயே அதன் ஒரு கால் நிற்கிறது.

அது மட்டுமில்லை. இனித் தோட்டம் முழுக்க அளக்க வேண்டுமாம், ஜெனரேட்டரும் லொறியும் இன்னமும் அடுத்த கட்டம்தான், முதலில் லயத்து அடுப்பாம். “கூடப் புகை விடுற லயத்துக்காரங்கள வெறகு பொறுக்க மலைக்கு விட மாட்டாங்களாம் ஐயா, நான் என்ன செய்றது?” என்று நிரோஷன் தலையைக் குனிந்துகொண்டு மறுபடியும் மெசினை என் கையிலேயே தந்துவிட்டுப் போனான். இன்று சாயங்காலம் நம் காம்பராவிலிருந்தே ஆரம்பித்தேன். அழகம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள், நனைந்த விறகு, கண்ணைத் திறக்க முடியவில்லை. மெசின் நாற்பத்தொன்று காட்டியது. கொப்பியைத் திறந்தேன். நாற்பத்தொன்று என்றே எழுதுவது என்று முடிவு செய்து, கை தானாகப் போய்விடக் கூடாது என்று இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு, பென்சிலை வைத்தேன்.

“எவ்வளவு காட்டுது?” என்றாள் அழகம்மா. பதினொரு நாளைக்குப் பிறகு.

“நாப்பத்தொண்ணு.”

ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். ஒழுகுகிற தண்ணீருக்கு வைத்திருந்த வாளி நிறைந்துவிட்டது, அதை எடுத்து வாசலில் கொட்டிவிட்டு வந்து மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

“சாக்குக்கு ரெண்டு வெட்டுங்க,” என்றாள். “ஈரத்துக்கு எவ்வளவுன்னு கூரையப் பாத்துட்டு வெட்டுங்க.”